எல்லைக் கோடும் கிழமைக் கணக்கும்

நாங்கள் இருப்பது காஞ்சிபுரத்து ஓரிக்கை. அங்கே பாலத்தில் பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் சாலையைப் பிடித்தால் மதுராந்தகம் பக்கம் போய்ச் சேரலாம். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுதான் அம்மா பிறந்த ஊர். போகிற வழி முழுக்க ஒரே மாவட்டம் என்றுதான் வளர்ந்தோம். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாகி, அம்மாவின் ஊர் அதற்குள் போனது. கலெக்டர் ஆபீசுக்கு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது மாறியதே தவிர, எங்கள் வீட்டில் வேறெதுவும் மாறவில்லை. நான்கு மாதம் கழித்து, 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, அந்தப் புதுக் கோடு அம்மாவுக்கும் அவரைப் பெற்ற ஆயாவுக்கும் நடுவில் வந்து நின்றது.

இரண்டு பயணங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, 2020 ஆகஸ்டில் ஓரிக்கையிலிருந்து ஆயாவைப் பார்க்கப் போனது. மற்றொன்று, 2022 பொங்கலுக்குத் தாம்பரத்திலிருந்து அக்கா குடும்பம் ஓரிக்கைக்கு வந்தது. இரண்டிலும் அரசின் உத்தரவு இருந்தது, மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் எதை வைத்துக் கட்டுப்படுத்தினார்கள் என்பதில் இரண்டும் வேறு. 2020இல் ஊரைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். 2022இல் வாரத்தைக் கிழமையாகப் பிரித்தார்கள். நடுவில் இருக்கும் 2021ஐ நான் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. 24ஆம் தேதியிலிருந்து தளர்வில்லாத முழு ஊரடங்கு. அப்போது யாரும் பயணத்தை எடைபோடவில்லை, ஆக்சிஜன் படுக்கையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நோய் எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்பதைச் சொல்ல வேண்டும். தமிழகத்தின் முதல் கொரோனா நோயாளி என்று 2020 மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டவரே ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் வரதர் கோயிலின் நாற்பத்தெட்டு நாள் விழாவில் அத்தி வரதரைப் பார்க்க இந்த ஊருக்குள் கூட்டம் அலைமோதியது. ஓரிக்கையில் தற்காலிகப் பேருந்து நிலையமே போட்டிருந்தார்கள். யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று எவரும் கேட்காத ஊரில், ஒரே ஆண்டுக்குள் அதுதான் முதல் கேள்வியாகிவிட்டது.

2020 ஜூன் முதல் தேதி மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தபோது காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மூன்றும் ஏழாவது மண்டலம். சென்னை எட்டாவது. மற்ற மண்டலங்களில் பேருந்து ஓடியது, இந்த இரண்டில் ஓடவில்லை. ஜூன் கடைசி வாரத்திலிருந்து எந்த மாவட்டத்தைத் தாண்டுவதற்கும் இ-பாஸ் வேண்டும் என்றார்கள். திருமணம், மரணம், அவசர மருத்துவம் ஆகியவற்றுக்குத்தான் பாஸ். வயதான தாய் படுத்த படுக்கையாகவும் இல்லை, எழுந்து நடமாடவும் இல்லை, மகளைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், அதற்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

கோடு போட்ட விதத்தை இப்போது யோசித்தாலும் மனம் ஒப்பவில்லை. குன்றத்தூரும் மாங்காடும் சென்னையோடு ஒட்டிக்கிடப்பவை, தொற்றும் அங்கே அதிகம். ஆனால் அவை காஞ்சிபுரம் மாவட்டம். அங்கே போய்வர எனக்குப் பாஸ் தேவையில்லை. உத்திரமேரூர் தாண்டி, ஏரிக்கரையும் நெல்வயலுமாக இருக்கும் ஆயா ஊருக்குப் பாஸ் வேண்டும். வந்தவாசிச் சாலையில் செவிலிமேடு பாலத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே திருவண்ணாமலை மாவட்டம் வந்துவிடும். மாமண்டூர்க் குகைக் கோயிலுக்கு நாங்கள் சின்ன வயதில் சைக்கிளில் போவோம், அதுவும் அக்கரை மாவட்டம். நோய் நெருக்கத்தில் பரவியது, உத்தரவு வருவாய்த் துறை வரைபடத்தைப் பார்த்தது. அதிகாரிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆட்களை நிறுத்திச் சோதிக்க ஒரு எல்லை வேண்டும், கையில் இருந்த எல்லை மாவட்டம்தான். ஆனால் அந்த எல்லையைத் தாண்டாதவர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற எண்ணம் எங்கள் தெருவில் பலருக்கு வந்தது. அதுதான் ஆபத்து.

எங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு கணக்கும் இருந்தது. அப்பா நெசவாளி. நான்கு மாதம் சும்மா கிடந்த தறியில் அப்போதுதான் பாவு ஏறியிருந்தது. ஒரு பாவில் மூன்று சேலை. முதல் சேலை அறுத்துக் கொடுத்தாகிவிட்டது, இரண்டாவது பாதியில். கோர்வைச் சேலை என்பதால் மூன்று நாடா, இரண்டு ஆள். தறிக் குழியில் அப்பா, பக்கத்தில் கரைக்கு நாடா வாங்கிக் கொடுக்க அம்மா. ஆறடி இடைவெளி விடச் சொன்ன காலத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்தது சேலையின் அகலம் மட்டுமே. பாவு இழை காய்ந்துவிடக் கூடாது என்று அப்பா ஜன்னலையும் பாதிதான் திறப்பார். அம்மா ஊருக்குப் போய்வந்து பதினாலு நாள் தனியறையில் இருக்க வேண்டும் என்றால், முதலில் எங்கள் வீட்டில் தனியறை இல்லை. கூடம் முழுக்கத் தறி. இரண்டாவது, அத்தனை நாளும் தறி நிற்கும். தனிமைப்படுத்திக்கொள்ளும் விதிமுறையில் காற்றோட்டமுள்ள அறை, முடிந்தால் கழிவறையோடு, என்று எழுதியிருந்தது. நெசவாளர் வீடுகளைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் கார்டோடு விண்ணப்பித்தால் எல்லோருக்கும் தானாகவே இ-பாஸ் என்று அறிவிப்பு வந்தது. அதுவரை தரகர்களிடம் காசு கொடுத்துப் பாஸ் வாங்கிய கதைகள் செய்தியாக வந்துகொண்டிருந்தன. அம்மாவின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அப்பாவோ ஒரே கேள்விதான் கேட்டார். “பாஸ் குடுத்துட்டாங்கன்னா நோய் போயிடுச்சா?” அந்த வாரம் மாநிலத்தில் நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் தொற்று, நூறுக்கு மேல் இறப்பு. முந்தின நாள் வரை கூடாது என்றிருந்தது மறுநாள் காலை கூடும் என்றானதற்கு நோய் குறைந்தது காரணமல்ல. மக்கள் பட்ட அவஸ்தையும் வேலைவெட்டியும்தான் காரணம். நியாயமான காரணம்தான். அதை அப்படியே சொல்லியிருந்தால், இனி முடிவு உங்கள் கையில் என்று வீடுகளுக்குப் புரிந்திருக்கும்.

ஆயா ஊரில் இருக்கும் தாய்மாமனிடம் பேசியபோதுதான் இன்னொரு பக்கம் தெரிந்தது. “இங்க ஒருத்தருக்கும் இல்லம்மா. காஞ்சிபுரத்துலேர்ந்து ஆள் வந்துச்சுன்னா ஜனங்க என்னா பேசுவாங்கன்னு உனக்கே தெரியும்.” வாசலில் சுகாதாரத் துறையின் ஒட்டுத்தாளும், சில தெருக்களில் தகர அடைப்பும் இருந்த காலம் அது. தொற்று நம்மிடம் வருமா என்று மட்டும்தான் நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். நாம் கொண்டுபோய்க் கொடுப்போமா என்ற கேள்வியை மாமாதான் மேசைமேல் வைத்தார். எந்த உத்தரவும் அதை அவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

கடைசியில் போனோம். பேருந்து இல்லை, பைக்கில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு என்பதால் வாரநாள் ஒன்றில். வீட்டுக்குள் நுழைவதில்லை, திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு மாலைக்குள் திரும்புவது என்று பேச்சு. ஆயா நிலைப்படிக்கு உள்ளே நாற்காலியில். அவருக்குக் காது மந்தம். பேசுகிறவரின் வாயைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார். மாஸ்க் போட்ட மகள் என்ன சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை, “என்னா, என்னா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா எழுந்து வாசல் புளியமரம் வரை பின்னால் போய் நின்று, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து சத்தம்போட்டுப் பேசினார். தெருவே கேட்டது. அந்த நாளில் எங்களுக்கு அதிகம் சொல்லப்பட்டது கைகழுவுவதும் காய்கறியை மஞ்சள் தண்ணீரில் அலசுவதும்தான். அடைத்த இடத்தின் காற்றிலும் இது பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கக் குறிப்பில் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் கடைசியில். திண்ணையைத் தேர்ந்தது ஊர்வாய்க்குப் பயந்துதான், அறிவியல் தெரிந்து இல்லை.

அடுத்த சில நாளில், செப்டம்பர் 1 முதல், மாநிலத்துக்குள் இ-பாஸே தேவையில்லை என்றாகிவிட்டது. ஏழாம் தேதி மாவட்டங்களுக்கு இடையே பேருந்தும் ஓடத் தொடங்கியது.

2022 பொங்கலுக்கு வருவோம். புத்தாண்டு அன்று மாநிலத்தில் தொற்று ஒன்றரை ஆயிரம் அளவில் இருந்தது. பொங்கலன்று இருபத்துமூன்றாயிரத்தைத் தாண்டியது. ஒமைக்ரான். ஜனவரி 6 முதல் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து வரை ஊரடங்கு. ஞாயிறுகளில் முழு ஊரடங்கு. வழிபாட்டுத் தலங்கள் 14 முதல் 18 வரை மூடல். வெளியூர்ப் பேருந்துகளில் முக்கால்வாசி இருக்கைக்குத்தான் ஆள். புறநகர் ரயிலில் ஏற 10ஆம் தேதியிலிருந்து இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்று. மாவட்டக் கோடு எங்கும் இல்லை. எந்த ஊருக்கும் போகலாம், எந்தக் கிழமை, எந்த மணிக்கு என்பதுதான் கேள்வி.

பொங்கல் வெள்ளிக்கிழமை, காணும் பொங்கல் ஞாயிறு. அக்கா குடும்பத்துக்கு இரண்டே வழி. வெள்ளி வந்து சனிக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் திங்கள் வரை இங்கேயே இருக்க வேண்டும். முதல் வழியில், திரும்புகிற எல்லோரும் சனிக்கிழமை மாலைப் பேருந்தில்தான் ஏறுவார்கள். இரண்டாவது வழியில், நான்கு பேர் நான்கு நாள் எங்கள் தறிக் கூடத்தில். கூட்டத்தைக் குறைக்கப் போட்ட ஞாயிறு அடைப்பு, ஒன்று பேருந்தை நெரித்தது, இல்லை வீட்டை நெரித்தது. கோயில் மூடியதிலும் இதே கதைதான். வழக்கமாகக் காணும் பொங்கலன்று உறவினர்கள் வரதர் கோயிலுக்கும் ஓரிக்கை மணிமண்டபத்துக்கும் கிளம்பிப் போய்ப் பாதி நாளை வெட்டவெளியிலும் அகலமான பிராகாரத்திலும் கழிப்பார்கள். அந்த ஆண்டு அவர்கள் போக இடமில்லை. எல்லோரும் கூடத்தில்தான் உட்கார வேண்டும்.

அப்பாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது, சர்க்கரை. 2021 ஏப்ரலில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டபோது, அடுத்தது ஆறிலிருந்து எட்டு வாரத்தில் என்றார்கள். மே 13 அன்று மத்திய அரசு அந்த இடைவெளியைப் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரமாக்கியது. ஜூலை இறுதியில்தான் இரண்டாவது கிடைத்தது. 2022 ஜனவரி 10 முதல் அறுபது கடந்த இணைநோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கைத் தவணை என்று அறிவித்தபோது அப்பாவுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் இரண்டாம் ஊசிக்குப் பிறகு 39 வாரம் ஆகியிருக்க வேண்டும் என்றது விதி. அவர் முறை வர ஏப்ரல் கடைசி ஆகும். மே மாதத்து மாற்றம் ஒன்று ஜனவரிப் பொங்கலில் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது. “நேத்து ஒண்ணு, இன்னைக்கி ஒண்ணு” என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். புதிய நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள வழிகாட்டல் மாறத்தான் வேண்டும், மாறாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். ஏன் மாறுகிறது என்பதை மக்கள் மொழியில் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நியாயமாகப் பார்த்தால் 2022இன் பயம் 2020ஐவிடச் சின்னது. தொற்று நான்கு மடங்கு, ஆனால் அந்தப் பொங்கல் வாரத்து இறப்பு 2020 ஆகஸ்ட் இறப்பில் பாதியைத் தொடவில்லை. ஊசி காப்பாற்றியது. ஆனாலும் முடிவெடுப்பது 2022இல்தான் கடினமாக இருந்தது. இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

2020இல் “பாஸ் கிடைக்கல” என்ற ஒரு சொல் போதும். மாமன் கல்யாணத்துக்குப் போகாதவர்கூட அதைச் சொல்லித் தப்பினார். உறவில் கீறல் விழவில்லை, குற்றம் எல்லாம் கலெக்டர் ஆபீஸ் தலையில். ஆகஸ்ட் 17க்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் முதல் தடவையாக வாக்குவாதம் வந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். 2022இல் தடை என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகவே வரவேண்டாம் என்றால் அது பெற்றவர்கள் சொன்னது, வரவில்லை என்றால் அது பெண் எடுத்த முடிவு. அப்பாவுக்காகப் பயந்து, இந்த வருஷம் வேண்டாமே என்று அம்மா போனில் மென்மையாக ஆரம்பித்தபோது அக்கா அழுதுவிட்டார். பொங்கல் சீர் வாங்கப் பிறந்த வீட்டு வாசலில் கால் வைக்காத பெண்ணை மாமியார் வீட்டில் என்ன கேட்பார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும். அரசு தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்போது முடிவெடுக்கும் சுமை வீட்டுக்கு வருகிறது. சுமை வந்தது, அதைத் தூக்கும் பழக்கம் கூடவே வரவில்லை.

இடத்தைக் கோடு போட்டுக் கட்டுப்படுத்துவது நம் காலத்தில் புதிதாக வந்ததும் அல்ல. 2020இல் இங்கே போட்ட கொரோனா ஒழுங்குமுறைகள் எந்தச் சட்டத்தின்கீழ் வந்தனவோ, அந்தத் தொற்றுநோய்ச் சட்டம் பம்பாய் பிளேக்குக்காக 1897இல் எழுதப்பட்டது. பிளேக் பரவிய பகுதியிலிருந்து சென்னை மாகாணத்துக்குள் வந்தவர்களுக்கு அன்றைக்குப் ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்து, குறித்த நாட்களுக்கு அதிகாரியிடம் தினமும் தலைகாட்டச் சொன்னார்கள். நம் இ-பாஸின் பாட்டன் அது. மனிதனை இடத்தோடு கட்டிப்போடும் முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம் இருக்கிறது. நேரத்தையும் எண்ணிக்கையையும் சொல்லி, மீதியை வீட்டு விவேகத்துக்கு விடும் முறைக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை.

அக்கா குடும்பம் வெள்ளி விடியற்காலைப் பேருந்தில் வந்தது. பொங்கல் பானை வாசலில் வழக்கம்போல. சாப்பாடு பின்பக்கம் கிணற்றடியில் பாய் விரித்து. ஊசி போட வயதாகாத சின்னவனும் பெரியவளும் மொட்டைமாடியில். தறிக் கூடம் அப்பாவுக்கு மட்டும், இரவு அவர் தறிக்குப் பக்கத்திலேயே கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டார், ஜன்னலை அன்றைக்கு முழுதாகத் திறந்து வைத்தார். சனிக்கிழமை மாலை நெரிசலுக்கு முன், மதியச் சாப்பாட்டோடு கிளம்ப வேண்டும் என்பது பேச்சு. “அப்பா பக்கத்துல உக்காராம எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்?” என்று அக்கா ஒரு தடவை கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது அப்பா வாசலுக்கு வந்து, தறியில் அறுத்த சேலையின் மீதித் துண்டில் பேத்திக்காகத் தைத்து வைத்திருந்த பையை நீட்டினார்.

இரண்டையும் எடைபோட்டுச் சொல்லச் சொன்னால், எனக்கு 2022இன் முறைதான் மேல். மனிதர்களை ஊர்ப்பெயர் சொல்லிச் சந்தேகிக்க அது கற்றுத்தரவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வருகிறார் என்று ஒதுக்கிய கொடுமை அதில் இல்லை. ஆனால் அதற்கு ஒரு துணை வேண்டியிருந்தது. யார் வீட்டில் வயதானவர் இருக்கிறார், யாருக்கு ஊசி முறை வரவில்லை, எங்கே உட்காரப் போகிறீர்கள், வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே படுக்கவைப்பீர்கள் என்று நான்கைந்து கேள்விகளை, வீடு வீடாகப் போய் ஊசி போட்ட கிராமச் செவிலியர்களைக் கொண்டு கேட்கவைத்திருக்கலாம். அவர்கள் சொன்னால் அம்மாக்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விகளை முதலில் கேட்டவர் அரசாங்கம் இல்லை, மதுராந்தகம் பக்கத்து மாமா. அதுவும் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து.

இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2022 வைகாசியில் வரதர் பிரம்மோற்சவம் முழு அளவில் நடந்தது. கருட சேவைக்கு உறவினர்கள் வரப்போவதாக போன் வந்தது. பாஸ் இல்லை, கிழமைக் கட்டுப்பாடு இல்லை. அப்பாவுக்கும் முன்னெச்சரிக்கை ஊசி போட்டாகிவிட்டது. வரச்சொல்லிவிட்டு அம்மா கேட்டது, “அங்க யாருக்காவது இருமல் கிருமல் இருக்கா?” ஒரு வீட்டில் இருந்தது. அவர்களை அடுத்த வாரம் வரச்சொன்னார், அவர்களும் மனஸ்தாபம் இல்லாமல் சரி என்றார்கள்.